நிரல் எழுதிக் கணக்குக் கற்றல்: எந்தக் கோளாறுக்கு என்ன வழி

பிள்ளைகளை நிரல் எழுதவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது புது யோசனை இல்லை. 1967ல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் உள்ளிட்டவர்கள் லோகோ மொழியை உருவாக்கியதே இதற்காகத்தான். நிரலில் வரும் பிழையை அவமானமாக நினைக்காமல், ஆராய்ந்து பார்க்கவேண்டிய பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பேப்பர்ட் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம். பைதான், ஸ்க்ராட்ச் ஆகிய நிரல்மொழிகளில் இன்று பாடம் நடத்துகிற நமக்கும் அதுதான் அடித்தளம். வகுப்பில் அடிக்கடி தலைகாட்டும் கோளாறுகளையும் அவற்றை எப்படிப் பிடிப்பது என்பதையும் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் மாணவருக்கு எது பொருந்துகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் கீழே வரும் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எதற்கும் முன்னால்: பிழை எங்கே இருக்கிறது?

பிழை மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். ஒன்று, நிரல்மொழியின் இலக்கணத்தில்: ஒரு முக்காற்புள்ளி விட்டுப்போயிருக்கும், ஓர் அடைப்புக்குறி மூடாமல் இருக்கும். இரண்டு, கம்ப்யூட்டர் எண்களை வைத்துக்கொள்ளும் விதத்தில். மூன்று, பிள்ளையின் மனதில் இருக்கிற கணக்கில். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. மூன்றாவது வகைப் பிழையை முதல் வகை என்று நினைத்து நாமே திருத்திக் கொடுத்துவிட்டால், பாடமே அங்கே போய்விடுகிறது.

எது என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: "இந்த வரி ஓடி முடிந்ததும் என்ன வரும் என்று நினைக்கிறாய்?" நிரலை ஓடவிடுவதற்கு முன்பே கேட்கவேண்டும், பதிலைத் தாளில் எழுதவைக்கவேண்டும். பிள்ளை எழுதியது கணக்குப்படி சரியாக இருந்து கம்ப்யூட்டர் வேறு ஏதோ சொன்னால், முதல் இரண்டு வகையில் தேடுங்கள். பிள்ளை நினைத்ததையே கம்ப்யூட்டரும் செய்து, ஆனால் விடை தவறு என்றால் கோளாறு கணக்கில் இருக்கிறது. அப்போது கீபோர்டைத் தொடாதீர்கள். தாளை எடுங்கள்.

நிரல் சரியாக ஓடுகிறது, ஆனால் பிள்ளைக்குக் கணக்குத் தெரியவில்லை

எல்லாவற்றையும் விட இதுதான் பெரிய கோளாறு. வெளியே தெரியாது என்பதாலேயே நான் இதை முதலில் வைக்கிறேன். திரையில் 5050 என்று வந்துவிட்டது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. நிரல் இதுதான்:

மொத்தம் = 0
எண் 1 முதல் 100 வரை:
    மொத்தம் = மொத்தம் + எண்
மொத்தத்தைக் காட்டு

பக்கத்து மேசையைப் பார்த்து எழுதினாலும் ஓடும், செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கி ஒட்டினாலும் ஓடும். நிரல் ஓடியது என்பதற்காகக் கணக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மூன்று சோதனைகள் வைத்துப் பாருங்கள்.

முதலில், மூன்றாவது வரியை முன்னால் இருக்கும் இடைவெளியை எடுத்துவிட்டு இடதுபக்கம் நகர்த்தினால் என்ன வரும் என்று கேளுங்கள். லூப்புக்கு (திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்கு) வெளியே வந்துவிட்ட அந்த வரி ஒரே ஒருமுறைதான் ஓடும். (பைதானில் லூப்புக்குள் எதுவுமே இல்லாவிட்டால் பிழைச்செய்தி வரும், அதனால் உள்ளே எண்ணை அச்சிடும் வரி ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.) விடை 100 என்று சொல்கிற பிள்ளைக்கு லூப் புரிந்திருக்கிறது.

அடுத்து, முதல் வரியில் 0க்குப் பதில் 1 போட்டால்? 5051. சரி, இப்போது பெருக்கலாக மாற்றினால் முதல் வரியில் என்ன இருக்கவேண்டும்? 0ஐ அப்படியே விட்டால் எத்தனை முறை பெருக்கினாலும் 0தான். கூட்டலுக்கு 0, பெருக்கலுக்கு 1 என்ற சமனி உறுப்பு பாடப்புத்தகத்தில் ஒரு வரி விதியாகக் கடந்துபோகும். இங்கே அது இல்லாமல் நிரலே வேலை செய்யாது.

மூன்றாவது சோதனைதான் முக்கியமானது. 100ஐ 100 கோடி ஆக்கச் சொல்லுங்கள். நிரல் நெடுநேரம் திணறும். "காத்திருக்காமல் விடை சொல்ல வழி இருக்கிறதா?" முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டு, இரண்டாவதையும் கடைசிக்கு முந்தையதையும் கூட்டு என்று ஜோடி சேர்த்து, ந(ந+1)/2 என்ற சூத்திரத்துக்குப் பிள்ளை தானாக வந்தால் கணக்கு உள்ளே போயிருக்கிறது. நூறு கோடி கூட்டல்கள் ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலுமாகச் சுருங்குவதைக் கண்ணால் பார்த்தவருக்குச் சூத்திரத்தின் அருமையை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

5050 வரவேண்டிய இடத்தில் 4950 வருகிறது

பைதானில் எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்ச்(1, 100) என்பது 99லேயே நின்றுவிடும். கடைசி எண் சேராது. திருத்தம் எளிது: 101 என்று எழுதவேண்டும். ஆனால் 'ஒன்று கூட்டிப் போடு' என்று மனப்பாடம் செய்யவிடாதீர்கள். 100ஐ 3 ஆக்கி ஓட்டவைத்தால் 6க்குப் பதில் 3 வரும். எந்த எண் விட்டுப்போனது என்று பிள்ளையே சொல்லிவிடும். பெரிய எண்ணில் பிழையைத் தேடாதே, சிறிய எண்ணுக்கு இறங்கி வா என்ற பழக்கம் எல்லாப் பிழைக்கும் உதவும்.

முக்கோணம் வரையச் சொன்னால் கோடுகள் மூடவில்லை

திரையில் ஓர் ஆமைக்குக் கட்டளை கொடுத்துக் கோடு வரையவைக்கும் ஆமை வரைகலையில் முதல் நாளே வருகிற கோளாறு இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். சதுரம் நன்றாக வந்திருக்கும்: 100 முன்னே போ, 90 பாகை திரும்பு, 4 முறை. அடுத்து சமபக்க முக்கோணம். அதன் கோணம் 60 பாகை என்று பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். எனவே 100 முன்னே போ, 60 பாகை திரும்பு, 3 முறை. திரையில் வருவது பாதி அறுகோணம், வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

இங்கே பெரும்பாலான பெரியவர்கள் செய்வது: "60 இல்லை, 120 போடு." படம் வந்துவிடும், பாடம் போய்விடும். அதற்குப் பதில் பிள்ளையை எழுந்து நடக்கவையுங்கள். தரையில் சாக்பீஸால் ஒரு சமபக்க முக்கோணம் வரைந்து, அதன் மேல் நடந்து ஒரு மூலைக்கு வந்ததும் நிற்கச் சொல்லுங்கள். மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது? நேராகத் தொடர்ந்து போயிருந்தால் எங்கே போயிருப்பாய்? இப்போது அடுத்த பக்கத்தைப் பார்க்க எவ்வளவு திரும்பவேண்டும்? முக்கோணத்துக்குள் இருக்கும் 60 பாகையும், உடம்பு திரும்புகிற 120 பாகையும் வேறு வேறு என்பது காலில் தெரியும். இரண்டும் சேர்ந்து 180. உட்கோணம், வெளிக்கோணம் என்ற பெயர்களை அதற்கப்புறம் சொன்னால் போதும்.

சதுரத்தில் இந்தக் குழப்பம் ஏன் வரவில்லை? ஏனென்றால் அங்கே உட்கோணமும் 90, வெளிக்கோணமும் 90. தவறாக நினைத்தாலும் படம் சரியாக வந்துவிடும். சதுரத்தோடு மட்டும் நிறுத்திவிடுகிற வகுப்புகளில் இந்தப் பிழை மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். அதனால் முதல் நாளே சதுரத்துக்கு அடுத்து முக்கோணத்தைக் கொடுத்துவிடுங்கள் என்பேன்.

இதே தவறு மற்ற வடிவங்களில் எப்படித் தெரியும் என்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அறுகோணத்துக்கு உட்கோணமான 120ஐக் கொடுத்து 6 முறை ஓட்டினால் முக்கோணம் வரும், ஆமை அதன்மேலேயே இரண்டு சுற்றுப் போயிருக்கும். ஐங்கோணத்துக்கு 108 கொடுத்தால் ஐந்து கோட்டில் மூடாது. விடாமல் ஓட்டினால் பத்தாவது கோட்டில், பத்து முனை நட்சத்திரமாக மூடும். பிள்ளைகள் இதைப் பார்த்துத் துள்ளுவார்கள். துள்ளட்டும், ஆனால் "ஏன் பத்து?" என்று கேட்காமல் விடாதீர்கள். 108ஐ ஐந்தால் பெருக்கினால் 540, அது முழுச் சுற்றுகளாக இல்லை. பத்தால் பெருக்கினால் 1080, சரியாக மூன்று முழுச் சுற்று. புறப்பட்ட திசைக்கே ஆமை திரும்பியிருக்கவேண்டும் என்றால் திரும்பிய மொத்தக் கோணம் 360ன் மடங்காக இருக்கவேண்டும். ஐந்து முனை நட்சத்திரத்துக்கு 144 ஏன் என்பதும் இதிலேயே அடங்கிவிட்டது: ஐந்து முறை 144 என்றால் 720, இரண்டு சுற்று.

எழுகோணத்தில் மட்டும் ஒரு சின்ன ஓட்டை தெரிந்தால், பிள்ளை 360ஐ 7ஆல் கையால் வகுத்து 51 என்று எழுதியிருக்கும். 3 பாகை குறைகிறது. நிரலில் 360/7 என்று அப்படியே எழுதவையுங்கள். 7ஐயும் எடுத்துவிட்டு 'பக்கம்' என்ற மாறியை வைத்தால் எல்லாப் பலகோணத்துக்கும் ஒரே நிரல் ஆகிவிடும். அப்புறம் பக்கம் = 100 கொடுத்து, பக்கத்தின் நீளத்தைச் சிறிதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வட்டம் வந்து நிற்கும்.

"எண் = எண் + 1 என்பது எப்படி உண்மையாகும்?"

இப்படிக் கேட்கிற பிள்ளையைப் பாராட்டுங்கள். கணக்குப் படித்தவருக்கு இது உறுத்தத்தான் வேண்டும். இரண்டு பக்கமும் எண்ணைக் கழித்தால் 0 = 1 என்று வந்துவிடுகிறதே! சமக்குறியை 1557ல் ராபர்ட் ரெக்கார்டு அச்சில் கொண்டுவந்தபோது, இரண்டு இணைகோடுகளை விடச் சமமானவை வேறு இல்லை என்பதையே காரணமாகச் சொன்னார். நிரலில் அந்தக் குறி வேறு வேலை பார்க்கிறது. வலப்பக்கத்தைக் கணக்கிட்டு, விடையை இடப்பக்கப் பெயரில் வை என்ற கட்டளை அது. பாஸ்கல் போன்ற மொழிகள் இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் சமக்குறிக்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளி வைத்தன. வகுப்பில் வரியை வாய்விட்டுப் படிக்கும்போது 'சமம்' என்று சொல்லாமல் 'இனி எண் என்பது பழைய எண்ணுடன் ஒன்று கூட்டியது' என்று படித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

குழப்பம் இருக்கிறதா என்று பார்க்க இதைக் கொடுங்கள்:

அ = 5
ஆ = அ × 2
அ = 7
ஆவைக் காட்டு

14 என்று சொன்னால், பிள்ளை ஆ என்பதை நிரந்தரமான உறவாக நினைத்துக்கொண்டிருக்கிறது. விடை 10. இரண்டாவது வரி ஓடிய நொடியில் கணக்கு முடிந்துவிட்டது, அப்புறம் அ மாறினால் ஆவுக்குத் தெரியாது. ஒவ்வொரு வரிக்குப் பிறகும் அ எவ்வளவு, ஆ எவ்வளவு என்று அட்டவணை போடவைப்பதுதான் வைத்தியம். ஆனால் இதையே எக்ஸெல் போன்ற விரிதாளில் செய்தால் 14தான் வரும், ஏனென்றால் அங்கே சூத்திரம் உறவாகவே நிற்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். 14 என்று சொன்ன பிள்ளை முட்டாள்தனமாக எதுவும் சொல்லவில்லை, இயற்கணிதத்தின் பார்வையில்தான் சொல்லியிருக்கிறது என்பதை அதற்கும் தெரியப்படுத்துங்கள்.

0.1 + 0.2 கேட்டால் 0.30000000000000004 வருகிறது

பிழை பிள்ளையிடம் இல்லை. கம்ப்யூட்டரும் கெட்டுப்போகவில்லை. எண்களை அது இரண்டின் அடிமானத்தில் (0, 1 என்ற இரண்டே இலக்கங்களில்) வைத்துக்கொள்கிறது. மூன்றில் ஒரு பங்கை நாம் தசமத்தில் எழுதினால் 0.333... என்று முடிவில்லாமல் போவது போல, பத்தில் ஒரு பங்கு இரண்டடிமானத்தில் 0.000110011... என்று முடிவில்லாமல் போகும். எங்கேயாவது வெட்டித்தான் ஆகவேண்டும். வழக்கமான தசம எண்ணுக்கு 53 பிட் அளவுக்குத் துல்லியம் கிடைக்கும், அதற்கப்புறம் முழுமையாக்கிவிடும்.

எந்தப் பின்னங்கள் சரியாக நிற்கும் என்று தேடவைத்தால் இது அருமையான எண்ணியல் பாடமாகும். 0.5 நிற்கும், 0.25 நிற்கும், 0.75ம் நிற்கும். 0.2 நிற்காது. சுருக்கிய பின்னத்தின் பகுதி இரண்டின் அடுக்காக மட்டும் இருந்தால்தான் முடிவுறும். அதே காரணத்தால்தான் நம் தசம முறையில் 2, 5 தவிர வேறு பகாக் காரணி பகுதியில் இருந்தால் முடிவுறாமல் போகிறது. பாடப்புத்தகத்தில் தனியாக நின்ற விதிக்கு இங்கே ஓர் உறவு கிடைக்கிறது.

நடைமுறையில் இந்தக் கோளாறு நிற்காத லூப்பாக வரும். 0ல் தொடங்கி 0.1 கூட்டிக்கொண்டே போய், 1க்குச் சமமானதும் நிறுத்து என்று எழுதினால் நிரல் நிற்கவே நிற்காது. பத்து முறை கூட்டியதும் இருப்பது 0.9999999999999999, அடுத்த கூட்டலில் 1ஐத் தாண்டிவிடும். முழு எண்ணில் 0 முதல் 10 வரை எண்ணி, தேவைப்படும் இடத்தில் பத்தால் வகுத்துக்கொள்வது நல்ல வழி. இரண்டு தசம எண்களை ஒப்பிட வேண்டுமென்றால், வித்தியாசம் மிகச் சிறியதா என்று கேளுங்கள். முழுத் துல்லியம் வேண்டும் என்றால் பைதானில் பின்னங்களுக்கென்றே இருக்கும் ஃப்ராக்‌ஷன்ஸ் மாட்யூல் உதவும்.

சின்னச் சின்ன அதிர்ச்சிகள்

சைன்(90) கேட்டால் 1 வராமல் 0.8939... வருகிறதா? நிரல் ரேடியன் என்ற வேறு கோண அலகில் கணக்குப் போடுகிறது. பாகையை 180ஆல் வகுத்து பையால் பெருக்கிக் கொடுங்கள்.

2^3 என்று எழுதி 1 வந்தால்: பைதானில் அந்தக் குறி அடுக்கு இல்லை, பிட்டுகளுக்கான வேறு செயல். அடுக்குக்கு இரட்டை நட்சத்திரக்குறி போடவேண்டும்.

–3ன் வர்க்கத்தை அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால் பைதான் –9 என்னும், எக்ஸெல் 9 என்னும். கணிதத்தில் நாம் எழுதும் வழக்கப்படி பைதான் சொல்வதே சரி. அடைப்புக்குறி போடப் பழக்கிவிட்டால் எங்கேயும் சண்டை இல்லை.

2.5ஐ முழுமையாக்கினால் 3 வராமல் 2 வருகிறதா? இப்போதைய பைதான் 3ம் பதிப்பு நடுவில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும். 2.5 என்றால் 2, 3.5 என்றால் 4. எப்போதும் மேலே தள்ளினால் பெரிய கூட்டலில் சாய்வு சேர்ந்துவிடும் என்பதற்காக வந்த ஏற்பாடு.

–7ஐ 3ஆல் வகுத்தால் பைதானில் ஈவு –3, மீதி 2. சி, ஜாவா மொழிகளில் ஈவு –2, மீதி –1. இரண்டையும் 3 × ஈவு + மீதி என்று போட்டுப் பாருங்கள், –7 வரும். மீதி எப்போதும் பூச்சியமோ அதற்கு மேலோதான் இருக்கவேண்டும் என்ற யூக்ளிடின் வகுத்தல் விதியோடு இங்கே பொருந்துவது பைதான்.

இரண்டு பகடை உருட்டினால் எல்லாக் கூட்டுத்தொகையும் ஒரே அளவில் வருகிறது

நிகழ்தகவுப் பாடத்தில் இதைப் பார்த்தவுடன் நிரலைத் திறந்து ஒரு வரியைத் தேடுங்கள். '2 முதல் 12 வரை ஒரு ராண்டம் எண் எடு' என்று இருக்கும். இரண்டு பகடைக்கும் விடை 2க்கும் 12க்கும் நடுவில்தானே, அதனால் ஒரே அடியில் எடுத்துவிட்டது பிள்ளை. நிரலில் எந்தப் பிழைச்செய்தியும் வராது. 36,000 முறை உருட்டினால் ஒவ்வொரு தொகையும் ஏறத்தாழ 3,270 முறை வரும். உண்மையான பகடையில் 7 சுமார் 6,000 முறையும் 2 சுமார் 1,000 முறையும் வரவேண்டும்.

ஒரு பகடைக்கு 1 முதல் 6 வரை ஒரு எண், இன்னொன்றுக்குத் தனியாக ஒரு எண், அப்புறம் கூட்டல் என்று மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் ஏன் என்பது 36 கட்டம் போட்ட அட்டவணையில்தான் இருக்கிறது. ஒரு பகடையைச் சிவப்பு, மற்றதை நீலம் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிவப்பில் 2, நீலத்தில் 5 என்பதும், சிவப்பில் 5, நீலத்தில் 2 என்பதும் வேறு வேறு கட்டங்கள். 7க்கு ஆறு கட்டம், 2க்கு ஒன்றே ஒன்று.

"ஆயிரம் எண்ணுக்குச் சரிபார்த்தாச்சே, அப்புறம் நிரூபணம் எதற்கு?"

நிரல் தெரிந்த பிள்ளைகள் நியாயமாகவே கேட்கிற கேள்வி. அறிவுரை வேண்டாம், ந² + ந + 41ஐக் கொடுங்கள். ந = 0லிருந்து தொடங்கி, வருவது பகா எண்ணா என்று நிரலே பார்க்கட்டும். 41, 43, 47, 53, 61... முதல் பத்துக்கும் பகா எண்தான். இருபதிலேயே பிள்ளை விதியை அறிவித்துவிடும். 39 வரைக்கும் சொன்னது சொன்னபடி நடக்கும். 40ல் வருவது 1681, அதாவது 41 × 41. ஆய்லர் எடுத்துக்காட்டிய கோவை இது.

40ல் உடைவது தற்செயல் இல்லை என்று காட்டுவதுதான் மருந்து. 40 × 40 + 40 என்பது 40 × 41. அதோடு 41 சேர்த்தால் 41 × 41. நிரலை ஓடவிடாமலேயே 40லும் 41லும் உடையும் என்று சொல்லியிருக்கலாம்.

வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து எல்லாவற்றையும் கோட்டால் இணைக்கும் கணக்கும் நல்லது, மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வட்டம் பிரியும் பகுதிகள் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்து வந்து, ஆறாவது புள்ளியில் 31 ஆகும்.

ஆனால் 'கம்ப்யூட்டர் எதையும் நிரூபிக்காது' என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. 1976ல் அப்பெல், ஹாக்கன் இருவரும் நான்கு வண்ணத் தேற்றத்தை (எந்த வரைபடத்திலும் அடுத்தடுத்த பகுதிகள் ஒரே நிறமாகாமல் வண்ணமிட நான்கு நிறம் போதும் என்பதை) கம்ப்யூட்டரின் துணையோடுதான் நிரூபித்தார்கள். முடிவில்லாத வரைபடங்களை முடிவுள்ள வகைகளாக முதலில் சுருக்கினார்கள், அந்த வகைகள் ஒவ்வொன்றையும் இயந்திரம் பார்த்தது. வித்தியாசம் அந்த முதல் படியில் இருக்கிறது.

பை மதிப்பு 3.14ஐத் தாண்டி நகரவில்லை

சதுரத்துக்குள் ராண்டம் புள்ளிகளை எறிந்து, வட்டத்துக்குள் விழுந்தவற்றை எண்ணி, அந்த விகிதத்திலிருந்து பையைக் கணிக்கும் நிரலில் இது வரும். பிழை இல்லை, முறையின் இயல்பே அது. பத்தாயிரம் புள்ளிக்கு வழக்கமான விலகல் 0.016 அளவில் இருக்கும். இன்னும் ஓர் இலக்கம் வேண்டுமென்றால் நூறு மடங்கு புள்ளி வேண்டும். ஆர்க்கிமிடீஸ் 96 பக்கப் பலகோணத்தை வைத்தே 3 10/71க்கும் 3 1/7க்கும் நடுவில் பையைப் பிடித்துவிட்டார்.

மேல்வகுப்பு என்றால் அவர் வழியிலேயே போங்கள். ஆரம் 1 உள்ள வட்டத்துக்குள் அறுகோணம், அதன் பக்கம் 1. பக்கங்களின் எண்ணிக்கையை இரட்டித்தால் புதிய பக்கம் இப்படி வரும்:

புதியது = √(2 – √(4 – பழையது²))

பக்கங்களின் எண்ணிக்கையைப் பக்க நீளத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் பை. ஓட்டினால் 3, 3.1058, 3.1326, 3.1393 என்று அழகாக ஏறும். விடாமல் இரட்டித்துக்கொண்டே போனால் இலக்கங்கள் கெட ஆரம்பிக்கும், கடைசியில் பை பூச்சியம் என்று வந்து நிற்கும்! சூத்திரம் சரி, நிரலும் சரி. பக்கம் மிகச் சிறிதானதும் உள்ளே இருக்கும் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 2 ஆகிவிடுகிறது. 2லிருந்து 2ஐக் கழிப்பதில் இருந்த இலக்கமெல்லாம் பறிபோகிறது.

இப்போது பிள்ளைகள் வெறுத்துச் செய்யும் ஒரு பயிற்சியை வெளியே எடுங்கள்: இணைக்கோவையால் பெருக்குவது. 2 – √(4 – பழையது²) என்பதை 2 + √(4 – பழையது²) ஆல் பெருக்கி வகுத்தால்,

புதியது = பழையது / √(2 + √(4 – பழையது²))

கழித்தல் வெளியில் இல்லை, கூட்டலாகிவிட்டது. இயற்கணிதப்படி இரண்டும் ஒன்றேதான். இதை ஓட்டினால் எத்தனை முறை இரட்டித்தாலும் 3.14159265... கெடாமல் நிற்கும். 'இதையெல்லாம் எதற்குப் படிக்கிறோம்' என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் பார்த்ததில்லை.

பகா எண் நிரல்: 25ஐயும் 49ஐயும் பகா எண் என்கிறது, அல்லது முடியவே மாட்டேன் என்கிறது

25, 49 போன்றவை தவறினால் வர்க்கமூலத்துக்கு முந்தைய எண்ணோடு லூப் நின்றுவிட்டது. வர்க்கமூலத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1ஐப் பகா எண் என்று சொன்னால், வகுக்கும் எண் எதுவும் கிடைக்காததால் அப்படி முடிவு கட்டிவிட்டது. பகா எண்ணுக்குச் சரியாக இரண்டு வகுத்திகள் என்ற வரையறைக்குத் திரும்புங்கள்.

மெதுவாக ஓடினால் பிள்ளை வர்க்கமூலம் வரை போவதைப் பற்றி யோசிக்கவே இல்லை. 36ன் ஜோடிகளை எழுதவையுங்கள்: 1 × 36, 2 × 18, 3 × 12, 4 × 9, 6 × 6. ஜோடியில் சிறியது 6ஐத் தாண்டுவதில்லை. 10,00,003 பகா எண்ணா என்று பார்க்க 1,000 வரை போனால் போதும், பத்து லட்சம் வரை போகவேண்டியதில்லை.

முழு வகுப்பும் முக்காற்புள்ளியிலும் இடைவெளியிலுமே தீர்ந்துவிடுகிறது

வெற்றுத் திரையில் தொடங்கவைப்பதை நிறுத்துங்கள். ஓடுகிற நிரலைக் கொடுத்து, ஓரிடத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். சிறியவர்களுக்கு ஸ்க்ராட்ச் போன்ற, கட்டளைக் கட்டைகளை அடுக்கும் முறை போதும், எழுத்துப்பிழைக்கே அங்கே இடமில்லை. பைதான் 3ல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 'மொத்தம்', 'பக்கம்', 'மீதி' என்று எழுதினால் அப்படியே ஓடும். பொருள் தெரிந்த பெயர் இருந்தால் நிரலைப் படிப்பதும் கணக்கைப் படிப்பதும் ஒன்றாகிவிடுகிறது. பிழைச்செய்தி வந்தால் கடைசி வரியை முதலில் படிக்கச் சொல்லுங்கள், அப்புறம் வரி எண்.

நிரலில் செய்கிறார், தாளில் கொடுத்தால் விழிக்கிறார்

பெரும்பாலும் காரணம், நிரல் தேடிக் கண்டுபிடித்திருக்கும், தீர்த்திருக்காது. ஓர் எண்ணை 3ஆல் பெருக்கி 7 கூட்டினால் 31, அந்த எண் எது? பிள்ளையின் நிரல் 0 முதல் 100 வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து 8 என்று சொல்லிவிடும். திட்டாதீர்கள், அதுவும் ஒரு வழிதான். 31ஐ 30 ஆக்குங்கள். நிரல் எதையும் காட்டாமல் முடிந்துவிடும். விடை இல்லையா, அல்லது நாம் தேடிய இடத்தில் இல்லையா? பிள்ளை 0.1 படியில் தேடும், கிடைக்காது. 0.01, அப்போதும் கிடைக்காது. விடை 23/3, எந்தத் தசமப் படியிலும் அது மாட்டாது. இந்த இடத்தில்தான் 7ஐக் கழித்து 3ஆல் வகுப்பது என்ற தாள் வழி தேவையாகிறது, அதைப் பிள்ளையே கேட்கும்.

அதை எந்த எண்களுக்கும் பொதுவாக்கச் சொல்லுங்கள்: அ × எண் + ஆ = இ என்றால், எண் = (இ – ஆ) / அ. பிறகு அ = 0 கொடுங்கள், பூச்சியத்தால் வகுத்ததற்கான பிழைச்செய்தியோடு நிரல் நின்றுவிடும். அதைத் தடுக்க ஒரு நிபந்தனை எழுதவேண்டும், நிபந்தனைக்குள் என்ன செய்தி காட்டுவது என்று பிள்ளை முடிவு செய்யவேண்டும். 'விடை இல்லை' என்று மட்டும் எழுதினால், ஆ = 7, இ = 7 கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 0ஐ எதனால் பெருக்கினாலும் 7 கூட்டினால் 7தான், எல்லா எண்ணும் விடை. ஆ = 7, இ = 9 என்றால் ஒன்றும் இல்லை. நிரலில் மூன்று கிளைகள் வந்த பிறகு அதை மூடிவைத்துவிட்டு, அதே மூன்று சமன்பாடுகளைத் தாளில் கொடுங்கள்.